ஓடு கழற்றும் வேளை

1

நண்டும் இறாலும் வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். வெளியே இறுகிப்போன கூடு உள்ளிருக்கும் உடலோடு சேர்ந்து பெரிதாவதில்லை. பழைய ஓட்டுக்கு அடியில் புதியது மெல்லிய தோலாக உருவாகிறது. ஒருநாள் பழையது பின்பக்கம் பிளக்கிறது. உள்ளே இருப்பது தன்னைத் தானே உருவிக்கொண்டு வெளியே வருகிறது. கொடுக்கின் பருத்த சதை முழுவதும் குறுகலான கணு வழியே இழுபட்டு வரவேண்டும். கண்காம்பின் உறை, உணர்கொம்பின் உறை, செவுளின் உறை, இரைப்பையின் உட்பூச்சு எல்லாமே கழன்றுவிடும். பிறகு நீரை உறிஞ்சி உடல் உப்புகிறது. புது ஓடு இறுகும்வரை கொடுக்கில் வலு இருக்காது, மேலே காப்பும் இருக்காது. சொந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றே வந்து தின்றுவிட்டுப் போகலாம்.

இவ்வுயிர்கள் வேதிப்பொருள்களால் பேசிக்கொள்ளும் முறையைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தப் பேச்சில் பெரும்பகுதி இந்த ஒரு வேளையைச் சுற்றியே நிற்பதாக எனக்குப் படுகிறது. கவசம் பூண்டு வாழ்கிற உயிர், கவசம் இல்லாத நேரத்தில் யாரை அருகே விடுவது? யாரிடமிருந்து ஒதுங்கி நிற்பது? தண்ணீரில் கரைந்து வரும் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

2

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்று ஒரு சிற்றூர். கடலாய்வு நிலையங்களுக்குப் பேர்போனது. அங்கே யெல்லெ ஆட்டெமாவும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்கச் சிங்கி இறாலைப் பல்லாண்டுகள் கவனித்தார்கள். நம் கடலில் பிடிபடும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது. முள் நிறைந்த தடித்த உணர்கொம்புதான் அதற்குத் தற்காப்பு. வட அட்லாண்டிக்கின் அந்த இனத்துக்கோ இரண்டு பெரும் கொடுக்குகள் உண்டு, ஒன்று நசுக்க, ஒன்று வெட்ட. அவ்வளவு ஆயுதத்தோடு அலையும் உயிர் தன் முகத்திலிருந்து சிறுநீரைப் பீச்சிப் பேசுகிறது.

அதன் சிறுநீர்ப்பைகள் இரண்டும் தலைப்பகுதியில் இருக்கின்றன. பெரிய உணர்கொம்புகளின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள். செவுளில் புகுந்து வரும் நீர் வாய்க்கு அருகே முன்னோக்கிப் பாய்கிறது. துளையிலிருந்து வரும் சிறுநீர் அந்தப் பாய்ச்சலில் சேர்ந்து ஒரு மீட்டருக்கும் மேல் எதிரே போகும். வாயருகே மயிர் அடர்ந்த சிறு விசிறி உறுப்புகளும் உண்டு. அவை வீசத் தொடங்கினால் முன்னே பாய்ந்த நீர் பக்கவாட்டில் திரும்பும். எதிரே இருக்கும் நீர் இழுபட்டுத் தன்னிடம் வரும். ஒரே நீரைக் கொண்டு தன் செய்தியை அனுப்புகிறது, அதே நீரைத் திருப்பிப் பிறர் செய்தியை வாங்குகிறது.

சிறுநீரில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆணா பெண்ணா, ஓடு கழற்றும் காலம் நெருங்கிவிட்டதா, உடம்பில் நோய் ஏதும் உண்டா என்ற விவரமெல்லாம் அதில் கரைந்திருக்கிறது. உடலின் உள்நிலை அப்படியே வெளியே வருகிறது. என்ன சொல்வது என்பதில் அந்த இறாலுக்கு அதிக உரிமை இல்லை. எப்போது சொல்வது என்பதில் மட்டும் உண்டு. துளையை மூடி அடக்கி வைக்கவும் அதற்குத் தெரியும்.

3

கேட்பதும் ஒரு வேலை. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது என்று நாம் சொல்வோம். இவற்றுக்கு அப்படித் தானாக வந்து நுழையும் ஓசை போன்றதல்ல மணம். முயன்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தலையின் முன்னே, நீண்ட உணர்கொம்புகளுக்கு நடுவில், குட்டையான இன்னொரு இணை இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைக்கும். வெளிக்கிளையின் நுனிப்பக்கத்தில் நுண்மயிர்கள் அடர்த்தியாக வரிசை கட்டி நிற்கும். கரீபியக் கடலின் முட்சிங்கி இறாலுக்கு ஒரு கிளையில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மயிர்கள்; ஒவ்வொரு மயிருக்குள்ளும் சுமார் 300 நரம்புச் செல்கள். இந்த மயிர்க்கற்றைக்குள் நீர் எளிதில் புகாது. அத்தனை சிறிய இடைவெளியில், மெல்ல அசைந்தால், நீர் பிசுபிசுப்பாகவே நடந்துகொள்ளும். தேனுக்குள் சீப்பை மெதுவாக இழுத்தால் பல்லிடுக்கில் பழைய தேன்தானே நிற்கும். அதனால் இறால் அந்தக் கிளையைச் சட்டென்று கீழே வெட்டுகிறது. அந்த வேகத்தில் பழைய நீர் கழுவுண்டு போய்ப் புது நீர் மயிர்களுக்கிடையே புகுகிறது. பிறகு மெதுவாக மேலே கொண்டுவருகிறது. புகுந்த நீர் அப்படியே தங்கிவிடுகிறது, அதிலுள்ள மணம் மயிருக்குள் ஊறுகிறது. அடுத்த வெட்டில் அதுவும் போய்விடும். கலிபோர்னியாவில் மிமி கோல் குழுவினர் 2001இல் இதை அளந்து காட்டினார்கள். நாம் மூச்சை இழுத்து முகர்வதற்கு ஈடான செயல் இது.

மீன் சந்தையில் கடல்நீர் நிரப்பிய வாளியில் உயிரோடு போட்டிருக்கும் நண்டுகளிடமும் இதைப் பார்க்கலாம். கொடுக்கைக் கட்டிவிட்டிருப்பார்கள். கால்கள் அடங்கிக் கிடக்கும். ஆனால் இரண்டு கண்களுக்கும் நடுவே, பள்ளத்தில் மடங்கிய நூலிழை போன்ற இரு சிறு கொம்புகள் வெளியே நீண்டு, நுனி துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு துடிப்பு, சிறு இடைவெளி, மறுபடி இரண்டு துடிப்பு. கையை வாளிக்கு அருகே கொண்டுபோனால் படக்கென்று பள்ளத்துக்குள் மடங்கிவிடும். சற்றுப் பொறுத்தால் திரும்பவும் வெளியே வரும். கட்டுண்ட நிலையிலும் அந்த நண்டு தான் இருக்கும் நீர் எப்படிப்பட்டது என்று ஒவ்வொரு துடிப்பிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து நின்றபோது கவனம் என்ற ஒன்றுக்கு இதைவிடத் தெளிவான உருவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை என்று நினைத்தேன்.

4

இரண்டு ஆண் அமெரிக்கச் சிங்கி இறால்களை முதன்முறையாக ஒரே தொட்டியில் விட்டால் சண்டை மூளும். உணர்கொம்பால் விளாசும், தள்ளும், கொடுக்கைப் பூட்டும். ஒன்று பின்வாங்கும்வரை நடக்கும். மறுநாள் அதே இரண்டையும் மீண்டும் சேர்த்து விட்டால் பெரும்பாலும் சண்டையே இல்லை. தோற்றது வந்த வழியே ஒதுங்கிவிடும்.

தோல்வியால் பொதுவாகவே தளர்ந்துபோய்விட்டதோ என்ற ஐயம் வரும். கிறிஸ்டி கரவானிச்சும் ஆட்டெமாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் சோதித்திருக்கிறார்கள். தோற்ற இறாலின் முன்னே, வேறு எங்கோ வென்ற அறிமுகமில்லாத இறாலை விட்டார்கள். அது எதிர்த்து நின்று சண்டை போட்டது. ஆகவே, அது ஒதுங்குவது குறிப்பிட்ட அந்த ஒருவனுக்காகத்தான். ஒன்றிரண்டு வாரம் தனியே வைத்திருந்தாலும் அந்த நினைவு தங்கியது. சிறுநீர் வெளிவராமல் தடுத்துவிட்டால் அடையாளம் தெரியாமல் போய், இரண்டாம் நாளும் முதல் நாள் போலவே நீண்ட சண்டை.

தாமஸ் பிரைட்ஹவுப்ட் என்பவர் ஆட்டெமாவோடு சேர்ந்து, இறால்களின் சிறுநீர்த் துளையில் மெல்லிய குழாய் பொருத்தி, சண்டையின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று பார்த்தார். மோதல் கடுமையாகக் கடுமையாக அது கூடுகிறது. முடிவு தெரிந்த கணத்தில் தோற்றது நிறுத்திவிடுகிறது. வென்றது தொடர்கிறது.

எதிரியை மறக்காமல் இருப்பதை வன்மம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது சற்றுப் புதிது. இங்கே அந்த நினைவு இரு உடல்களையும் காப்பாற்றுகிறது. கொடுக்கு முறிந்தால் திரும்ப முளைக்க ஓடு கழற்றும் காலங்கள் சில கடக்க வேண்டும். ஒரே பாறைச் சரிவில் அக்கம்பக்கமாக வாழ வேண்டியவை, ஒருமுறை தீர்ந்ததைத் தீர்ந்ததாகவே வைத்துக்கொள்கின்றன. தோற்றதன் மௌனமும் ஒரு செய்திதான்: உன்னோடு எனக்கு இனி வழக்கு இல்லை.

5

அந்தச் சரிவில் வென்ற ஆணுக்கு நல்ல பொந்து கிடைக்கும். ஓடு கழற்றும் காலம் நெருங்கிய பெண் அங்கே வருகிறது. உள்ளே போகாமல் வாசலில் நின்று சிறுநீரைச் செலுத்துகிறது. வாசலுக்கு வரும் எவரையும் கொடுக்கோடு எதிர்கொள்ளும் ஆண், முதலில் அதையும் அப்படித்தான் எதிர்கொள்ளும். பெண் போகும், திரும்ப வரும். நாள்கள் செல்லச் செல்ல அந்த மணம் ஆணின் மூர்க்கத்தைத் தணிக்கிறது. ஒருநாள் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. ஆணும் தன் நீரைப் பொந்தின் வாசல் வழியே வெளியே விசிறி அனுப்பிக்கொண்டிருக்கும். பெண் இந்த ஆணைத் தேடி வந்ததற்கு அந்த மணம்தான் வழிகாட்டி.

பிறகு பெண் அந்தப் பொந்துக்குள்ளேயே ஓட்டைக் கழற்றுகிறது. அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும் காரியம். எலும்புபோல் இறுகியிருந்த உடல் இப்போது தன் கால்களில் நிற்கக்கூட வலுவில்லாமல் கிடக்கிறது. எதிரே இருப்பது, சங்கையும் சிப்பியையும் நொறுக்கித் தின்கிற கொடுக்கு. அந்தக் கொடுக்குகளை உடைய ஆண், தன் நடைகால்களால் பெண்ணை மெதுவாகத் திருப்புகிறது. இணைந்த பின்னும் துரத்துவதில்லை. ஓடு இறுகும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம், பெண் அங்கேயே தங்குகிறது. பிறகு தன் வழியே போகிறது.

ஆட்டெமாவோடு பணியாற்றிய டயான் கோவன் இன்னொன்றைக் கண்டார். ஒரே பெரிய தொட்டியில் பல பெண்கள் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடு கழற்றுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துக்கொண்டதுபோல் தள்ளித் தள்ளிக் கழற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாதுகாப்பான பொந்தில் சில நாள் கிடைக்கிறது. 1990இல் இது வெளியானது. உடலின் உள்ளே நிகழும் ஓடு வளர்ச்சி, அண்டையில் இருப்பவரின் நிலைக்கேற்ப முந்தியும் பிந்தியும் போகிறது. ஒரு சமூகத்தின் ஒழுங்கு சதைக்குள் வரை இறங்கியிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

6

முதுகின் பின்பாதியில் மூன்று செங்கரும் புள்ளிகள் கொண்ட நண்டு தமிழகக் கடற்கரை முழுவதும் கிடைக்கும், குழம்புக்கு வாங்குவோம். நண்டு இனங்களில் இத்தகைய மணச்செய்தி இருப்பதை முதலில் தெளிவாகக் காட்டிக்கொடுத்தவற்றுள் ஒன்று இந்த நண்டுதான். ஹவாய்த் தீவுகளில் ரயன் என்ற ஆய்வாளர் 1966இல் அதை வெளியிட்டார். ஓடு கழற்றப்போகும் பெண் இருந்த தொட்டியின் நீரை மட்டும் எடுத்து ஆண்கள் இருந்த தொட்டியில் ஊற்றினார். பெண் அங்கே இல்லை. ஆனாலும் ஆண்கள் கால்நுனியில் எழும்பி நின்றன, கொடுக்குகளை அகல விரித்தன, சுற்றிச் சுற்றித் தேடின. பெண்ணின் சிறுநீர்த் துளைகளை அடைத்த பிறகு எடுத்த நீருக்கு அந்தச் சக்தி இல்லை.

ஆய்வாளர்கள் கண்டதற்கு முன்பே மீனவர்களுக்கு இது தெரியும். அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் நீலநண்டு பிடிப்பவர்கள் இளவேனில் காலத்தில் இரை வைக்காமல் கூட்டில் உயிருள்ள ஆண் நண்டை வைத்து இறக்குவார்கள். ஓடு கழற்றும் தறுவாயில் இருக்கும் பெண் நண்டுகள் பாதுகாப்புத் தேடி அந்தக் கூட்டுக்குள் வந்து சேரும். துடுப்புக்காலின் ஓரத்தில் புது ஓட்டின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். கோடு வெண்மையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது, சிவந்துவிட்டால் நெருங்கிவிட்டது என்று அவர்கள் கணிப்பார்கள். அந்த நண்டுகளைத் தொட்டியில் வைத்துக் காத்திருந்து, ஓடு கழன்றவுடன் மென்மையாகவே விற்பார்கள்.

வலைக்கும் கூட்டுக்கும் வெளியே, கடலடியில், ஆண் நீலநண்டு பெண்ணைத் தன் வயிற்றுக்கடியில் அணைத்துத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் திரியும். பெண் ஓடு கழற்றும்போது தன் கால்களை வேலியாக ஊன்றி மேலே நிற்கும். இணைந்த பின் மீண்டும் அணைத்துக்கொண்டு, ஓடு இறுகும்வரை சுமக்கும். நீலநண்டுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

7

அந்த மணத்தில் இருக்கும் பொருள் எது? ஐரோப்பியக் கரைநண்டைக் கொண்டு இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் யோர்க் ஹார்டெகே குழுவினர் நெடுங்காலம் தேடினார்கள். ஓடு கழற்றலைத் தூண்டும் ஹார்மோனே வெளியே கசிந்து ஆணை ஈர்க்கிறது என்றுதான் 1970களில் ஆய்வாளர்கள் எண்ணினார்கள். பிந்தைய சோதனைகளில் அது நிலைக்கவில்லை. பெண்ணின் சிறுநீரில் உள்ள யூரிடின் டைபாஸ்பேட் என்ற எளிய மூலக்கூறுதான் ஆணை அழைக்கிறது என்று ஹார்டெகே குழுவினர் கண்டார்கள். அந்தப் பொருளை ஏற்றி வைத்த ஒரு கல்லைக்கூட ஆண் நண்டு பெண்ணென்று எண்ணி அணைத்துக்கொள்கிறது.

இந்த மூலக்கூறு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. நண்டின் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. சர்க்கரைத் துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து உடல் கைட்டினை நெய்கிறது. ஒவ்வொரு துணுக்கையும் யூரிடின் டைபாஸ்பேட் சுமந்து வந்து சேர்க்கிறது; துணுக்கு கோக்கப்பட்டதும் சுமந்து வந்தது தனியே விடுபடுகிறது. புதுக்கவசம் உள்ளே கட்டப்படும்போது மிஞ்சுவது, நான் விரைவில் கவசமின்றி இருப்பேன் என்று வெளியே அறிவிக்கிறது. தனியாக ஒரு செய்தியை உடல் தயாரிக்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் வேலையின் மிச்சத்தைப் படிக்க மற்றது பழகிக்கொண்டது. மொழி எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால், பேசுபவரிடமிருந்து என்று சொல்லத்தான் நமக்கு வரும். இந்த நண்டைப் பார்த்தால், உற்றுக் கவனித்த ஒருவரிடமிருந்து தொடங்கியிருக்கிறது.

கைவிடப்பட்ட அந்த ஹார்மோனுக்கும் ஒரு வேலை இருப்பதை அதே குழு கண்டது. அது கலந்த இரையை ஆண் கரைநண்டு உண்ணத் தயங்குகிறது, பெண் தயங்குவதில்லை. ஆகவே, மென்மையாகக் கிடக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கு இரண்டு செய்திகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, வா. மற்றொன்று, தின்னாதே. வருபவருக்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு என்பதை அறிந்தே விடுக்கும் அழைப்பு இது.

8

முட்டையும் தாயிடம் பேசுகிறது.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கழிமுகங்களில் இரண்டு சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு சேற்றுநண்டு உண்டு. தாய் தன் முட்டைகளை வயிற்றுமடலின் கீழே ஒட்டவைத்துச் சுமக்கும். வட கரோலினாவில் ரிச்சர்ட் ஃபார்வர்டும் டான் ரிட்ஷாஃபும் இதை ஆராய்ந்தார்கள். நாள் நிறைந்து முதல் சில முட்டைகள் உடையும்போது, இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த மிகச் சிறிய பெப்டைடுகள் நீரில் கசிகின்றன. அதை அறிந்ததும் தாய் கால்களை ஊன்றி உடலை உயர்த்தி, வயிற்றுமடலை வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. அந்த அசைவில் மற்ற முட்டைகளும் உடைகின்றன, இன்னும் பெப்டைடு கசிகிறது, தாய் இன்னும் வேகமாக அடிக்கிறது. சற்று நேரத்தில் எல்லாக் குஞ்சுகளும் நீரோடு போய்விடுகின்றன. கரையோரம் மீன்கள் காத்திருக்கும் இடத்தில் சிதறிச் சிதறிப் பொரியாமல், இருட்டில், நீர் ஏறி நிற்கும் நேரத்தில், ஒரே வீச்சில் ஆழத்துக்குப் போய்ச் சேர இது உதவுகிறது.

பல நாள் மடியில் சுமந்ததை எப்போது விடவேண்டும் என்று தாய்க்குச் சொல்வது பிள்ளைகள். அதுவரை தாய் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பையும் நான் உரையாடலின் பகுதியாகவே எண்ணுகிறேன்.

9

எல்லாப் பதிலும் 'அருகே வா' என்று இருப்பதில்லை.

கரீபியக் கடலின் முட்சிங்கி இறாலின் குஞ்சுகள் பகலில் பாறையிடுக்குகளிலும் கடற்பஞ்சுகளின் அடியிலும் ஒன்றாகக் கூடிப் பதுங்கும். வெறுமையான இடத்தில் அலையும் சிறு இறால், மற்றவற்றின் மணத்தைப் பிடித்து அந்தப் பொந்தைக் கண்டடைகிறது. கூட்டமாக இருப்பதில் பாதுகாப்பு உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஃபுளோரிடா கீஸ் பகுதியில் இந்தக் குஞ்சுகளைக் கொல்லும் ஒரு வைரஸ் தெரியவந்தது. டொனால்ட் பெரிங்கர், மார்க் பட்லர், ஜெஃப்ரி ஷீல்ட்ஸ் ஆகியோர் 2006இல் எழுதினார்கள்: நலமாக இருக்கும் இறால்கள் நோயுற்றதோடு பொந்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. நோயுற்றது மற்றவருக்குத் தொற்றவைக்கும் கட்டத்தை எட்டுவதற்கு முன்பே விலகிவிடுகின்றன. நோயுற்றதன் சிறுநீரை அடைத்துவிட்டால் விலகல் நின்றுபோகிறது என்று பின்னர் தெரிந்தது.

இதைப் படித்தபின் மனம் கனத்தது. தனியே விடப்பட்ட அந்தச் சிறு இறாலுக்குக் கூட்டத்தின் மறைவு இல்லை. மீனுக்கு எளிதில் இரையாகும். என்றாலும், தன் நிலையை அது மறைக்க முடியாமல் வெளியிடுவதால்தான் பொந்திலுள்ள மற்றவை பிழைக்கின்றன. அழைத்துச் சேர்ப்பதும் விலக்கி வைப்பதும் ஒரே துளையிலிருந்து வரும் நீர். நெருக்கத்தை அறிந்த மொழியே தள்ளி நிற்கவும் கற்றிருக்கிறது.

10

நண்டு, இறாலின் உறவுகளில் சில கடலை விட்டு நிலத்துக்கு வந்துவிட்டவை. பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் ஈர மண்ணில் ஓடும் சாம்பல் நிறச் சிற்றுயிரைப் பூச்சி என்று எண்ணுவோம். அது இறாலுக்கு உறவு. அதன் வகையில் ஒன்று, வட ஆப்பிரிக்காவிலிருந்து நெகேவ் வரையுள்ள பாலைவனத்தில் வாழ்கிறது. செவுள் வழி மூச்சுவிட்ட முன்னோரின் வாரிசுக்கு அந்த வெயிலில் ஒரே வழி மண்ணுக்குள் ஆழமான வளை. வசந்த காலத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து தோண்டும். கோடை தொடங்கி மண் இறுகிவிட்டால் வேறு வளை தோண்ட முடியாது; இருக்கும் வளையைப் பறிகொடுத்தால் சாவுதான். அதனால் வாசலில் எப்போதும் ஒருவர் காவல்.

கார்ல் எட்வர்ட் லின்சன்மைர் என்ற ஜெர்மானியர் இவற்றை நெடுநாள் ஆராய்ந்தார். குஞ்சுகள் ஐம்பது, நூறு என்று இருக்கும். அனைத்தும் வெளியே மேய்ந்துவிட்டுத் திரும்புகையில் காவலில் நிற்பது உணர்கொம்பால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும். குடும்பத்துக்கே உரிய ஒரு வேதிக்கலவை உடல் மேலே இருக்கும். பிறவியில் வந்த பொருள்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகியதில் கலந்து உருவான பொது அடையாளம் அது. காற்றில் பறந்து வராது, தொட்டால்தான் தெரியும். அடையாளம் ஒத்திருந்தால் வாசலில் நிற்பது வழிவிடும். வேறு குடும்பத்தோடு உரசி வந்த சொந்தப் பிள்ளையை நிறுத்திவிடும், தாக்கவும் செய்யும்.

கடலில் ஓட்டம் சுமந்து வந்த செய்தி, பாலைவனத்தில் தொடுகையாகச் சுருங்கிவிட்டது. கேள்வி மாறவில்லை. யாரை உள்ளே விடுவது?

11

படகின் அடிப்பகுதியிலும் துறைமுகத் தூண்களிலும் காலைக் கிழிக்கும் வெள்ளை ஓடுகளாக ஒட்டியிருக்கும் பார்னக்கிளும் நண்டு, இறாலுக்கு உறவே. குஞ்சாக இருக்கையில் நீந்தும். வளர்ந்து நிலைகொள்ளும் பருவத்தில் உணர்கொம்பால் பரப்பைத் தொட்டு நடந்து பார்க்கும். ஏற்கனவே தன் இனம் இருந்த இடத்தில் பதிந்திருக்கும் புரதத்தை அடையாளம் காணும். 1953இல் நைட் ஜோன்ஸ் இந்தக் கூடிக்குடியேறலை விளக்கினார். இடம் பிடித்துவிட்டால் தலையைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுவதும் அங்கேயே. இனி நகர முடியாது என்பதால், பக்கத்தில் துணை இருக்கிறதா என்று முன்னதாகவே தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.

12

இத்தனையும் நடப்பது நீர் என்ற ஊடகத்தில். அதை நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நாம் எரிக்கும் எரிபொருளின் கரியமில வாயுவில் ஒரு பகுதி கடலில் கரைந்து அமிலமாகிறது. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கடலின் மேற்பரப்பு நீரின் கார அமில அளவு சுமார் 8.2இலிருந்து 8.1ஆக இறங்கியிருக்கிறது. எண் சிறிதாகத் தெரிந்தாலும் ஹைட்ரஜன் அயனிகள் கால்பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்று அதற்குப் பொருள். ஓடு கரைவதைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். ஹல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா ரொகாட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் வேறொன்றைக் காட்டினார்கள். கரைநண்டுத் தாய் தன் முட்டைகளைச் சுற்றி நீரை விசிறுவதற்குத் தூண்டும் பெப்டைடுகள், அமிலம் கூடிய நீரில் கூடுதலாக ஒரு புரோட்டானைப் பெற்று வடிவம் மாறுகின்றன. அதே செய்திக்குத் தாய் எழும்ப, முன்னைவிட அதிக அளவு தேவைப்படுகிறது.

ஆற்றிலும் இதே கதை. வயலிலிருந்து வழிந்து வரும் மெட்டலாக்ளோர் என்ற களைக்கொல்லி, சாகடிக்காத அளவில் கலந்த நீரில் இருந்த நன்னீர்ச் சிங்கிகள், உணவின் மணத்தைப் பிடித்துப் போய்ச் சேருவதில் தடுமாறின. நீரில் கரைந்த செம்பும் நீர்வாழ் உயிர்களின் முகர்வைக் கெடுக்கும்.

நச்சை அளக்க நெடுநாளாக நாம் கைக்கொண்ட வழி, எந்த அளவில் பாதி உயிர்கள் சாகின்றன என்று எண்ணுவது. சாகாதவை நலமாக இருப்பதாகக் கணக்கில் சேர்ந்துவிடும். இந்தக் குறிப்புகளை எழுதி வருகையில் அந்தக் கணக்கு எனக்குப் போதவில்லை என்பது உறுதியாகிவிட்டது. வென்றவனை அடையாளம் காணாமல் மறுநாளும் கொடுக்கு முறியச் சண்டை போடும் இறாலும், துணை இருக்கும் பொந்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திறந்த வெளியில் ஓடு கழற்றும் பெண்ணும், முட்டையின் குரலுக்கு எழாத தாயும் உயிரோடுதான் இருக்கும். அடுத்த தலைமுறை மட்டும் இருக்காது.

ஆகவே, ஒரு கழிமுகத்துக்குள் எதையேனும் விட அனுமதி கேட்டு வருபவரிடம், மீன் செத்து மிதக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்த நீரில் ஒரு நண்டு இன்னொரு நண்டை அறிந்துகொள்ள முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். அதைச் சோதிக்கும் முறைகள் ஆய்வுக்கூடங்களில் ஏற்கனவே இருக்கின்றன. ஒரு கல்லும், ஒரு துளி சிறுநீரும், பொறுமையாகப் பார்க்கும் ஒருவரும் போதும். அந்தச் சோதனையில் தேறாத நீரைத் தூய்மையானது என்று சான்றளிக்க நமக்கு உரிமை இல்லை.